கிளேஸ் போட்டா மறைஞ்சிடும்

"பாலிஷ் தானேக்கா, அப்புறம் பாத்துக்கலாம்."

இந்த வார்த்தையை என் எதிர்ல யாராவது சொன்னா எனக்கு உச்சந்தலையில பத்திக்கும். இன்னிக்குக் காலையில நம்ம பல்லு லேப்புக்குள்ள நுழைஞ்சதும் நுழையாததுமா உங்கள்ல ஒருத்தர் சொன்னீங்க. யாருன்னு சொல்லமாட்டேன். சொன்னவங்களுக்குத் தெரியும். நான் ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு, வந்த இடத்துல சிரிச்சிட்டு டீயைக் குடிச்சிட்டுப் போகணும்னுதான் வந்தேன். ஆனா அந்தப் பேச்சைக் கேட்டப்புறம் டீ இறங்கல.

பாலிஷ் தானேன்னா இன்னா அர்த்தம்? பல்லைச் செஞ்சு முடிச்சாச்சு, இனிமே பவுடர் பூசிப் பொட்டு வைக்கிற வேலைதான் பாக்கி. அப்படித்தானே நினைச்சிக்கினு கீறீங்க? இரும்புல வேணா அப்படி இருக்கலாம். தங்கத்துல இருக்கலாம். செராமிக்குல அந்தப் பேச்சே கிடையாது. செராமிக் நடுவுல இருந்து உடையறதில்ல. மேல இருக்கிற ஒரு கீறல்ல ஆரம்பிச்சுதான் உடையும். மேல் தோல் வழவழன்னு இருக்கிறது அழகுக்காக இல்ல. அதுதான் அந்தப் பல்லோட பலம். இதைப் புத்தகத்துல படிச்சிருப்பீங்க, பரீட்சையில எழுதி மார்க்கும் வாங்கியிருப்பீங்க. வேலைக்கு வந்ததும் அதை வாசல்ல செருப்போட சேத்து விட்டுட்டு வந்துடறீங்க.

சரி, நான் பாடம் நடத்த வரல. ஒரு ஒண்ணரை மாசத்துல நடந்ததைச் சொல்றேன். அதுல டாக்டரைத் திட்டுவேன், நம்ம முதலாளியைத் திட்டுவேன். என்னையும் திட்டித்தான் ஆகணும்.

நான் மண்ணூர்பேட்டை. எங்க வீட்டுல எல்லாரும் அம்பத்தூர் எஸ்டேட்டுல லேத்து, பிரஸ்ஸுன்னு போனாங்க. நான் மட்டும் பல்லு செய்யப் போறேன்னு சொன்னப்போ, எங்க அத்தை "இன்னாடி இது, பொணத்துப் பல்லா?"ன்னு கேட்டுது. அப்படி ஆரம்பிச்சவ, கடைசியில இந்த லேப்ல ஃபினிஷிங் டேபிளுக்குப் பொறுப்பா இருந்தேன். எந்தப் பல்லும் என் கையைத் தாண்டாம வெளியே போகாது. கலாக்கா பாத்துட்டாங்கன்னா அதுக்கு மேல பேச்சில்ல. அந்தப் பேரு எனக்குப் பிடிச்சிருந்துச்சு. ரொம்பவே பிடிச்சிருந்துச்சு.

அப்போ செராமிக் டேபிள்ல சரண்யான்னு ஒரு பொண்ணு. பருத்திப்பட்டு. கை சுத்தம், வாய் அதைவிட சுத்தம், தேவையில்லாம ஒரு வார்த்தை வராது. அவ முதல்ல பிளாஸ்டர் ரூம்லதான் சேர்ந்தா. டாக்டர்ங்க அனுப்பற அச்சுல மாவு ஊத்தி மாடல் எடுத்து, டிரிம் பண்ற ரூம். அந்தத் தூசு அவளுக்கு ஆகாது. நாலு மணி ஆனா மூச்சு வாங்கும், விசில் மாதிரி சத்தம் வரும், பையில எப்பவும் ஸ்ப்ரே வெச்சிருப்பா. ரெண்டு தடவை ஆஸ்பத்திரியில படுத்து எழுந்தவ. அப்படியே இருந்துகினு, சாப்பாட்டு நேரத்துல என் பக்கத்துல வந்து நின்னு பாத்துப் பாத்து வேலை கத்துக்கினு, செராமிக் டேபிளுக்கு வந்தா. வந்தப்புறம் அந்த ஸ்ப்ரேயை நான் பாத்ததே இல்ல.

நம்ம லேப்ல அப்போ ஒரு வெள்ளை போர்டு மாட்டியிருந்தாங்க. ரீமேக் போர்டு. போன பல்லு உடைஞ்சு திரும்பி வந்தா, யாரு செஞ்சாங்களோ அவங்க பேருக்கு நேரா சிவப்பு மார்க்கர்ல ஒரு கோடு. எதனால உடைஞ்சுது, யாரால உடைஞ்சுது, ஒரு விசாரணை கிடையாது. ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டின்னு சொல்வாங்களே, அந்தக் கதைதான். டாக்டர் கஸ்டமர், அவரைக் கேக்க முடியாது. முதலாளியை யாரும் கேக்கமாட்டாங்க. மீதி யாரு? டேபிள்ல குனிஞ்சு உக்காந்திருக்கிறவங்க.

பூந்தமல்லியில ஒரு டாக்டர். சின்ன வயசு, கெட்ட மனுஷன் இல்ல, கூட்டம் அள்ளும். அவர்கிட்ட போன பல்லுங்க அடுத்தடுத்து மூணு உடைஞ்சுது. மூணும் கடைவாய்ப் பல்லுக்குப் போடற கிரவுன், தொப்பி மாதிரி கவுக்கறது. மூணும் சரண்யா செஞ்சது. ஒவ்வொண்ணு உடையும்போதும் அவர் இன்னா பண்ணுவார்? ஒரு போட்டோ எடுத்து லேப் வாட்ஸ்அப் குரூப்புல போடுவார். கீழ மூணு கேள்விக்குறி. ஒரு வார்த்தை கிடையாது. இருபது பேரு பாக்கற குரூப்பு. அதுக்கு நம்ம முதலாளி உடனே "சாரி டாக்டர், வில் டேக் ஆக்‌ஷன்"னு போடுவார். மனுஷனுக்கு விரல்ல ஸ்பிரிங் வெச்சிருந்துச்சு போல.

மூணாவது கோடு போட்ட அன்னிக்கு முதலாளி சரண்யாவைக் கூப்பிட்டார்.

"இன்னொண்ணு வந்துச்சுன்னா நீ திரும்பப் பிளாஸ்டர் ரூமுக்கே போயிடு. அங்க ஆள் பத்தல."

"சார், எனக்கு அங்க மூச்சு..."

"மாஸ்க் போட்டுக்கோ."

மாஸ்க் போட்டுக்கோவாம்! ஏசி ரூம்ல உக்காந்துகினு சொல்றார்.  ஆனா அன்னிக்கு நானும் வாயைத் திறக்கல. ஏன்னா எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம். சூடு சரியா வெக்கலையோ, எங்கேயாவது மெலிசா விட்டுட்டாளோன்னு. கூட இருந்து அவ கையைப் பாத்தவ நானு. நானே சந்தேகப்பட்டேன்.

அந்த ஞாயித்துக்கிழமை வீட்டுல பாத்திரம் தேச்சிக்கினு இருந்தேன். பீங்கான் தட்டு ஒண்ணு, பழசு. எவ்ளோ தேச்சாலும் மஞ்சக்கறை கோடு கோடா நிக்குது. தட்டு முழுக்க இல்ல. ஸ்பூன் பட்டுக் கீறின இடத்துல மட்டும். கீறல் இல்லாத இடமெல்லாம் பளிச்சுன்னு இருக்கு. நான் சோப்புக் கையோட அப்படியே நின்னேன். அடப்பாவிங்களா!

மறுநாள் முதல் வேலையா ஆபீஸ் டேபிள்ல இருந்து ஸ்டாம்ப் பேடு மை பாட்டிலை எடுத்துக்கினு போனேன். திரும்பி வந்த உடைசல் துண்டுங்க டப்பாவுல இருந்துச்சு. ஒவ்வொண்ணு மேலயும் மையைத் தடவி, ஈரப் பஞ்சால துடைச்சேன். பக்கவாட்டுல எல்லாம் மை வழுக்கிக்கினு போயிடுச்சு, சுத்தமா. அங்க கிளேஸ் இருக்கு. நாம கடைசியா ஃபர்னஸ்ல வெச்சு எடுக்கிற அந்தக் கண்ணாடித் தோல். ஆனா மேல, மெல்லற இடத்துல? நீலக் கோடு. ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல, காக்கா கிளறி வெச்ச மாதிரி குறுக்கும் நெடுக்கும். வைரப் பொடி ஒட்டின பர் ஊசியைப் போட்டு, தண்ணி விடாம தேச்சிருக்கார். லென்ஸ் வெச்சுப் பாத்தா, உடைஞ்ச விளிம்பு நேரா அந்தக் கோட்டுலதான் ஆரம்பிக்குது. மூணுலயும்.

நடந்தது இதுதான். பேஷண்ட் வாயில மாட்டிப் பாத்து, கடிக்கச் சொல்லி, கொஞ்சம் உயரமா இருக்குன்னா தேய்க்கிறாங்க. தேய்க்கட்டும், தப்பே இல்ல. எல்லா வாயும் மாடல் மாதிரி இருக்காது. ஆனா தேச்சப்புறம் அதைத் திரும்ப லேப்புக்கு அனுப்பணும், நாம கிளேஸ் போட்டுக் குடுப்போம். இல்லேன்னா அங்கேயே ரப்பர் வீல் வெச்சு, சொரசொரப்புல ஆரம்பிச்சு நைஸ் வரைக்கும் வரிசையா பாலிஷ் பண்ணணும். அதுக்குன்னே ஒரு கிட்டு நாமதான் குடுக்கறோம். இவர் ரெண்டும் பண்ணல. பேஷண்டுக்கு அவசரம், வெளியே இன்னும் பத்து பேரு. தேச்சார், ஒட்டினார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். உடைஞ்சதும் போட்டோ. கேள்விக்குறி. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!

நான் சரண்யாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் லென்ஸ்ல பாத்தா. அப்புறம் "அக்கா, நான் பண்ணலல்ல?"ன்னு கேட்டா. அவ்ளோதான் கேட்டா. அந்தப் பொண்ணு மூணு வாரமா தன் கையையே சந்தேகப்பட்டுக்கினு இருந்திருக்கா. அதை நினைச்சா இப்பவும் எனக்கு ஆறல.

முதலாளிகிட்ட போனேன். அவர் மையையும் பாக்கல, பல்லையும் பாக்கல.

"கலா, நாலாவது ஒண்ணு உடைஞ்சிடுச்சாம். இப்பத்தான் போன் பண்ணார். மாங்காட்டு டீச்சரம்மாவோட பிரிட்ஜு. துண்டு அவர்கிட்டயே கீது. நான் சரண்யாவைக் கூட்டிக்கினு போய் நேர்ல ஒரு சாரி சொல்லிட்டு வந்துடறேன். இல்லேன்னா அவர் குடுக்கற வேலையெல்லாம் கையை விட்டுப் போயிடும்."

"எதுக்கு சார் சாரி?"

"உடைஞ்சா சாரிதான்."

"அப்ப நானும் வரேன்"னேன். அவர் வாணாம்னு சொல்றதுக்குள்ள கார்ல ஏறி உக்காந்துட்டேன். கையில மை பாட்டில், பஞ்சு, துண்டுங்க டப்பா. வழி முழுக்க என் வாய் சும்மா இல்ல. அம்பத்தூர்ல ஆரம்பிச்சது பூந்தமல்லி வரைக்கும் ஓடுச்சு. இன்னிக்கு அந்த டாக்டரை வாயடைச்சு உக்கார வைக்கிறேன் பாருன்னு. சரண்யா பின்சீட்டுல ஜன்னல் பக்கம் உக்காந்து பையை மடியில வெச்சிக்கினு வந்தா. அந்தப் பையில ஸ்ப்ரே இருந்துச்சு. மறுபடியும் வாங்கி வெச்சிருந்தா.

கிளினிக்ல மத்தியான இடைவேளை. டாக்டர் ரூம்ல நுழைஞ்சதும் என் கண்ணு போனது எங்க தெரியுமா? அவர் டேபிள் மேல, பேஷண்ட் சீட்டுங்க காத்துல பறக்காம இருக்க ஒரு டப்பா வெச்சிருந்தார். நாம குடுத்த பாலிஷிங் கிட்டு. மேல சுத்தின பிளாஸ்டிக் கூடப் பிரிக்கல. எனக்குப் பொங்கிக்கினு வந்துச்சு பாருங்க.

முதலாளி "சாரி டாக்டர்"னு ஆரம்பிச்சார். நான் குறுக்கே பூந்தேன்.

"டாக்டர், ஒரு அஞ்சு நிமிஷம். நீங்களே பாருங்க." மூணு துண்டையும் டிஷ்யூ மேல வெச்சு, அவர் கண்ணெதிர்ல மை தடவித் துடைச்சேன். பக்கம் வெள்ளை. மேல நீலம். "இந்த வெள்ளை எங்க கை. இந்த நீலம் உங்க கை."

அவருக்கு முகம் சுருங்கிச்சு. "மேடம், உயரமா இருந்தா தேய்க்காம என்ன பண்றது? அதுவும் இது கண்ணுக்கே தெரியாத கீறல். இதுல போய் உடையும்னா எப்படி?"

"கண்ணாடிக் கடைக்குப் போயிருக்கீங்களா டாக்டர்? அவ்ளோ பெரிய கண்ணாடியை அந்தாளு எப்படி வெட்டறாரு? ரம்பம் போட்டு அறுக்கிறாரா? மேலாக்க ஒரு கோடு. கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாம ஒரே ஒரு கோடு. அப்புறம் கையால ஒரு தட்டு, ரெண்டா வந்துடும். நீங்க கோடு போட்டு அனுப்பிட்டீங்க. பேஷண்ட் ஒரு நாளைக்கு மூணு வேளை தட்டறாங்க."

டாக்டர் கையை நீட்டினார். துண்டை எடுத்து லைட்டுக்குக் கீழ பிடிச்சுப் பாத்தார். கீழ வெச்சார். அந்தப் பிளாஸ்டிக் பிரிக்காத டப்பாவைப் பாத்தார். "ம்"னார். முதலாளி என்னைப் பாத்த பார்வையில முதல் தடவையா ஒரு மரியாதை. எனக்கு உள்ள பட்டாசு வெடிச்சுது. சொன்னா வெக்கம், ஆனா அந்த நிமிஷம் எனக்கு அவ்ளோ இனிப்பா இருந்துச்சு.

அப்போதான் அவர் டிராயரைத் திறந்து ஒரு ஜிப் கவரை எடுத்தார்.

"சரி மேடம், இந்த மூணும் நான் ஒத்துக்கறேன்னே வெச்சுக்கோங்க. இதுக்கு என்ன சொல்றீங்க? இதை நான் தொடவே இல்ல. கரெக்டா உக்காந்துச்சு, ஒட்டினேன். அவங்க அண்ணன் பொண்ணு கல்யாணத்துல உளுந்து வடை சாப்பிடும்போது ரெண்டா உடைஞ்சிருக்கு. பந்தியில, அத்தனை பேர் நடுவுல."

மூணு பல்லு சேர்ந்த சிர்கோனியா பிரிட்ஜ். இடிச்சாலும் உடையாதுன்னு நாம பெருமையா சொல்லிக் குடுக்கற சரக்கு. வடைக்கு உடைஞ்சிருக்கு. நான் மையைத் தடவினேன். துடைச்சேன். சுத்தமா வழுக்கிக்கினு வந்துடுச்சு, ஒரு கோடு இல்ல. அவர் சொன்னது நிஜம், அவர் கை படல.

லென்ஸை எடுத்து உடைஞ்ச இடத்தைப் பாத்தேன். ரெண்டு பல்லும் சேர்ற கழுத்து. அங்க ஒரு வெட்டு. ஊசி மாதிரி மெலிசா, ஆழமா. அந்த வெட்டுக்குள்ள கிளேஸ் ஓடி உறைஞ்சு நிக்குது. அப்படின்னா இன்னா? வெட்டினப்புறம்தான் கிளேஸ் போட்டிருக்கு. வெட்டு லேப்ல விழுந்திருக்கு.

எனக்கு ஞாபகம் வந்துடுச்சு. உடனே வந்துடுச்சு.

அந்த பிரிட்ஜை சரண்யா நல்லாத்தான் செஞ்சு குடுத்தா. என் டேபிளுக்கு வந்தப்போ எனக்கு அந்த ரெண்டு பல்லும் ஒட்டிக்கினு, ஒரே பல்லு மாதிரி தெரிஞ்சுது. டெலிவரிக்கு ஒரு மணி நேரம்தான் பாக்கி. மெலிசா அறுக்கிற டிஸ்க்கை மாட்டி, தண்ணிகூட விடாம, நடுவுல ஒரு இழுப்பு இழுத்தேன். இன்னும் கொஞ்சம் பிரிஞ்சாத் தேவலைன்னு இன்னொரு இழுப்பு. சரண்யா பக்கத்துலதான் இருந்தா.

"அக்கா, பிரிட்ஜுக்கா. ஜாயிண்ட்டுல டிஸ்க்கு வாணாங்க்கா."

நான் இன்னா சொன்னேன் தெரியுமா? "கிளேஸ் போட்டா மறைஞ்சிடும், போ."

மறைஞ்சிச்சு. முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்கிற மாதிரி மறைச்சேன். பாக்க அவ்ளோ அழகா இருந்துச்சு, நானே போட்டோ எடுத்து வெச்சிக்கினேன். ஒரு கோடு போதும்னு கண்ணாடிக் கடைக் கதை சொன்னவ, அந்தக் கோட்டை என் கையாலயே போட்டு, மேல பளபளன்னு கண்ணாடி ஊத்தி டீச்சரம்மா வாய்க்கு அனுப்பியிருக்கேன்.

நான் லென்ஸ்ல இருந்து கண்ணை எடுக்கல.  அப்புறம் முதலாளி சரண்யா பக்கம் திரும்பினார்.

"இதுக்கு இன்னா சொல்ற நீ? உன்னை நம்பித்தானே மேஜைல உக்கார வெச்சேன்? பாரு, டாக்டர் தொடவே இல்லன்றாரு. ஒரு பொம்பளையை சபையில அவமானப்படுத்தியிருக்க. நாளைலேர்ந்து நீ பிளாஸ்டர் ரூம். அவ்ளோதான்."

சரண்யா "சரி சார்"னா.

எதிர்த்து ஒண்ணு சொல்லல. என் பேரை இழுக்கல. அவளுக்குத் தெரியும், கண்ணால பாத்தவ. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பா. நான் அப்பத்தான் நிமிந்து பாத்தேன். பையோட ஜிப்பைப் பிடிச்சிக்கினு நின்னா, கண்ணுல இருந்து பொட்டு பொட்டா கொட்டுது, அதைத் துடைக்கக்கூட இல்ல.

"சார், நிறுத்துங்க. அது அவ இல்ல. நான்." லென்ஸைக் கீழ வெச்சேன். "ஜாயிண்ட்டுல டிஸ்க்கு வெச்சது நான். அவ வாணாம்னு சொன்னா. நான்தான் கேக்கல."

அதுக்கப்புறம் நடந்ததைச் சுருக்கமா சொல்றேன், நீட்டினா எனக்கு பிரஷர் ஏறும். டாக்டர் நாற்காலியில நல்லா சாஞ்சு உக்காந்தார். "பாத்தீங்களா, உங்க பக்கமும் தப்பு இருக்கு. அப்ப நாலையுமே நீங்களே செஞ்சு குடுத்துடுங்க"ன்னார். நாலையுமே! மூணுல இருந்த நீல மை காயக்கூட இல்ல! நம்ம முதலாளி அதுக்கும் தலையை ஆட்டினார். "டெஃபனட்லி டாக்டர்." நான் பல்லைக் கடிச்சிக்கினு, "மூணு உங்களது, ஒண்ணு என்னுது. என் ஒண்ணைக் காட்டி உங்க மூணைத் துடைக்காதீங்க டாக்டர்"னு சொன்னேன். யாரும் காதுல வாங்கல. என் தப்பு வெளியே வந்ததும் என் வாய்க்கு இருந்த மதிப்பு போயிடுச்சு. அந்த அநியாயத்தை நான் இன்னும் ஒத்துக்கல. தப்பு பண்ணவ சொன்னாலும் நிஜம் நிஜம்தானே?

சரண்யா செராமிக் டேபிள்லயே இருந்தா. என்னை ஃபினிஷிங்ல இருந்து ஆறு மாசம் எடுத்துட்டாங்க, கோவிச்சிக்கல. டீச்சரம்மாவுக்குப் புது பிரிட்ஜை சரண்யாதான் செஞ்சு, அவளே பாலிஷும் பண்ணா. அவங்களை நான் நேர்ல போய்ப் பாத்து மன்னிப்புக் கேட்டேன். அவங்க சிரிக்கும்போது வாயைக் கையால மூடிக்கினாங்க, பழக்கமாயிடுச்சாம். அதைப் பாத்துட்டு நான் வீட்டுக்கு வந்து சாப்பிடல.

அதனால கேட்டுக்கோங்க. டாக்டர் தேச்சு அனுப்பினா மை போட்டுப் பாருங்க, கீறல் இருந்தா போன் பண்ணிச் சொல்லுங்க, பயப்படாதீங்க. ரப்பர் வீல்ல நடு நம்பரைத் தாண்டிக் கடைசிக்குக் குதிக்காதீங்க. கீறல் மேல கிளேஸ் ஊத்தினா அது மருந்து இல்ல, மூடி. பிரிட்ஜ் ஜாயிண்ட்டுல டிஸ்க்கு வைக்கிற கையை நானே வந்து உடைப்பேன். பக்கத்துல இருக்கிறவ வாணாம்னு சொன்னா, அவ உன்னைவிட சின்னவளா இருந்தாலும், அந்தக் கையை அப்படியே நிறுத்து.

இதோட முடிச்சா நான் ரொம்ப யோக்கியமா தெரிவேன். சபையில தப்பை ஒத்துக்கினவ, ஒரு பொண்ணைக் காப்பாத்தினவ. நானும் அன்னிக்கு அப்படித்தான் நினைச்சேன்.

அன்னிக்கு கிளினிக்கை விட்டு வெளியே வந்ததும் முதலாளி எங்களை விட்டுட்டு கார்ல போயிட்டார். நாங்க ரெண்டு பேரும் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுல நின்னோம். நான் உள்ளுக்குள்ள காத்துக்கினு இருந்தேன். இப்ப சொல்வா, தேங்க்ஸ்கா, நீ இல்லாட்டி நான் இன்னா ஆயிருப்பேன்னு சொல்வான்னு. அவ பஸ் வர்ற பக்கமே பாத்துக்கினு நின்னா. நானே ஆரம்பிச்சேன்.

"அழாதடி. அதான் சொல்லிட்டேனே."

"அக்கா, அந்த ஜாயிண்ட்டைப் பாத்ததுமே உனக்குத் தெரிஞ்சிச்சா?"

"தெரிஞ்சிச்சு."

"அப்ப சாரு என்னியத் திட்டி முடிக்கிற வரிக்கும் லென்ஸ்ல இன்னா பாத்துக்கினு இருந்த?"

பயந்து நின்னேன்னு சொல்லியிருக்கலாம். பயந்திருந்தா மன்னிச்சிருப்பா. ஆனா அவகிட்ட பொய் வரல.

"இதையும் டாக்டர் மேல போட வழி கீதான்னு பாத்துக்கினு இருந்தேன்."

அதுதான் நிஜம். ஒட்டும்போது அழுத்தியிருப்பாரோ, கடி சரியில்லையோன்னு தேடிக்கினு இருந்தேன். நான் அன்னிக்கு அவளுக்காகத்தான் சண்டை போடறேன்னு சொல்லிக்கினு போனேன். போன இடத்துல ஜெயிக்கிற ருசி வந்ததும், அவ ரூம்ல நிக்கிறதையே மறந்துட்டேன். அவ "சரி சார்"னு சொன்ன குரல்லதான் ஞாபகம் வந்துச்சு.

அவ தலையை ஆட்டினா. "சரிக்கா"ன்னா. முதலாளிக்குச் சொன்ன அதே குரல்ல.

ஆவடி பஸ் வந்துச்சு. எனக்கு அது சுத்து, இருந்தும் அவகூட ஏறினேன். கூட்டமே இல்ல. நான் ஜன்னல் பக்கம் உக்காந்து, பக்கத்து சீட்டுல இருந்த என் பையை எடுத்து மடியில வெச்சிக்கினு அவளுக்கு இடம் விட்டேன். அவ முன்னாடி போய்க் கம்பியைப் பிடிச்சிக்கினு நின்னா. பருத்திப்பட்டு வர்ற வரைக்கும் நின்னுக்கினேதான் வந்தா.